இடது வரிசையில் நிற்கவேண்டிய வண்டி

என் தோஸ்த் அமீனுக்கு,

பெட்ரோல் வாசனை இல்லாத இடத்தில் உனக்கு எப்படித்தான் பொழுது போகிறதோ என்ற கவலையோடு எழுதுகிறேன்.

வண்டிகளை இரண்டு வரிசையாக நிறுத்துவது என்று முடிவாகியது. ஆம்பூர் பைபாஸ் ஓரத்து டீக்கடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது பேர் நின்றபடியே நடத்திய கூட்டத்தில் இந்தத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவர் குமரவேல். வழிமொழிந்தவன் நான். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. ஒருவர் மட்டும் சர்க்கரை ஜாஸ்தி என்றார். அது டீயைப் பற்றியது.

வலது வரிசை ஒரிஜினல் வண்டிகளுக்கு. இடது வரிசை மற்ற எல்லாவற்றுக்கும். உலகத்தில் எல்லைக்கோடுகள் எல்லாம் இப்படித்தான் போடப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் டீ சொல்கிறார், இன்னொருவர் சாக்பீஸ் எடுக்கிறார்.

உனக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் நம் பக்கத்தில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் பழைய வண்டி வைத்திருப்பவனைப் புதுசு வாங்க வக்கில்லாதவன் என்றார்கள். இப்போது அதே ஆளை ரசிகர் என்கிறார்கள். வண்டி அப்படியேதான் இருக்கிறது. பாலாறு பைக் நண்பர்கள் என்று பெயர் வைத்திருக்கிறோம். பாலாற்றைப் போலவே நாங்களும் பெயரில்தான் ஓடுகிறோம். பெரும்பாலும் நின்றுகொண்டு வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்.

குமரவேல் குடியாத்தத்துக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் புல்லட் இருப்பதால் தலைவர் ஆனார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருப்பதால் செயலாளர் ஆனேன். பழைய வண்டி, புது வண்டி எல்லாம் ஒரு ஞாயிறு காலையில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பது திட்டம். டிக்கெட் இல்லை, பரிசு இல்லை. சிறப்பு விருந்தினர் இல்லாமல் ஒரு நிகழ்ச்சி நடத்த முடியும் என்பதை ஆம்பூரில் நாங்கள் நிரூபித்தோம். நடந்து முடிந்ததும் அறிக்கை எழுதுமாறு என்னிடம் சொன்னார்கள். மலரில் போடுவார்களாம். மலர் என்பது நான்காக மடித்த ஒரே தாள். அதில் யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். உனக்கே எழுதிவிடுகிறேன், அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

ஒரிஜினல் என்றால் என்ன என்று வரையறுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இருபத்தெட்டு வருஷமாக ஷூ கம்பெனியில் செலக்‌ஷன் மேஜையில் நின்று தோலைத் தரம் பிரிக்கிறவனிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுப்பது, சர்க்கரை வியாதிக்காரனிடம் மக்கன் பேடா தட்டைக் கொடுப்பது மாதிரி. ஒரே ராத்திரியில் ஏழு உட்பிரிவுகள் எழுதினேன். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது வண்டியில் எது இருந்ததோ, அது மட்டுமே ஒரிஜினல். நான்காவது உட்பிரிவு சீட்.

அதை எழுதும்போது உன் வண்டி என் வீட்டு வாசலில்தான் நின்றது. எனக்கு அது நினைவில் வரவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நினைவில் வந்தது. எழுதிவிட்டேன்.

உன் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு உன் வீட்டுக்காரி ரஹ்மத் பாபி சாவியை என் கையில் திணித்த வண்டி அது. "வீட்ல யாருக்கும் கிக் அடிக்கத் தெரியாது சீலன் அண்ணா, நிக்க வெச்சா துரு புடிச்சிடும்" என்று மட்டும் சொன்னார். மெரூன் நிறம், மைசூரில் செய்தது, இரண்டு சைலன்ஸர், கிக்கரும் கியரும் ஒரே லீவர். அந்த ஒரே லீவரைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதமும் ஒரு முழங்காலும் செலவாயின.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அந்த சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நான் செலக்‌ஷனில் இருந்தேன், நீ கட்டிங்கில் இருந்தாய். என் மேஜையைத் தாண்டித்தான் தோல் உன் மேஜைக்கு வரும். குறை இருக்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுவது என் வேலை. வட்டம் அதிகமானால் ரிஜெக்ட். ஒருநாள் ஒரு எருமைத் தோல் வந்தது. நல்ல கனம். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு முள்கம்பி கிழித்து ஆறிய தழும்பு. வட்டம் போட்டு ஓரமாக வீசினேன். நீ உன் மேஜையிலிருந்து எழுந்து வந்து அதை எடுத்தாய்.

"கையால தொட்டுப் பாத்தியாடா?" என்றாய்.

தொட என்ன இருக்கிறது, கண்ணுக்கே தெரிகிறதே என்றேன்.

"கண்ணால பாத்துட்டே சாக்பீஸ் எடுக்குற. மாட்டுக்கே ஆறிப்போச்சு, உனக்கு இன்னும் ஆறல."

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் கேட்டு, கேட் பாஸ் போட்டு, அந்தத் தோலை வீட்டுக்குக் கொண்டுபோனாய். கேட் பாஸில் "ரிஜெக்ட், ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அடுத்த வாரம் அது உன் வண்டியின் சீட்டில் இருந்தது, தழும்பு சரியாக நடுக்கோட்டில். வேண்டுமென்றே அப்படி வெட்டியிருக்கிறாய். அந்த வாரமே சாயங்காலம் ஷிப்ட் முடிந்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டாய். பைபாஸ் வந்ததும் தலையைத் திருப்பாமலே கேட்டாய்: "ரிஜெக்ட் மேல உக்காந்துட்டு வர்றியே, எங்கியாச்சும் குத்துதா?"

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருஷம், என்னை ஏற்றிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. நானும் ஒவ்வொரு தடவையும் அது ரிஜெக்ட்தான் என்று சொன்னேன். அமிர்தி அருவிக்குப் போன அன்றுகூட, மலைமேட்டில் வண்டி நின்று இருவரும் தள்ளிக்கொண்டு போனபோதும், மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்.

உன் மகள் நஸ்ரீனுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்கு உன் பின்னால் உட்கார்ந்து போவாள். உன் இடுப்பைச் சுற்றிக் கை எட்டவில்லை. அதே தோலின் மிச்சத்தில் ஒரு பட்டை வெட்டி, சீட்டின் குறுக்கே தைத்துக் கொடுத்தாய், பிடித்துக்கொள்ள. அவள் வளர வளரப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளித் தைத்தாய். ஒவ்வொரு முறையும் பழைய தையல் ஓட்டைகள் அப்படியே நின்றன. கல்லூரிக்குப் போகிற காலத்தில் சீட்டின் இரண்டு பக்கமும் மூன்று ஜோடி ஓட்டைகள் இருந்தன. அவற்றையும் நான் குறையாகத்தான் எண்ணினேன். தழும்பு ஒன்று, ஓட்டை மூன்று ஜோடி. என் மேஜையில் நிற்காத தோல்.

போன மாதம் நஸ்ரீனுக்கு விசா வந்தது. மாப்பிள்ளை சவூதியில், தம்மாமில் இருக்கிறார். போனால் எப்போது திரும்புவாள் என்று யாருக்கும் தெரியாது. செய்தி கேட்டுப் பார்க்கப் போனேன். பாபி சேமியா கொடுத்தார். நஸ்ரீன் வாசல்வரை கூடவே வந்தாள்.

"சாச்சா, நான் கெளம்புற புதன்கிழமை என்னைய ஸ்டேஷன்ல நீங்கதான் கொண்டு விடணும். அப்பா வண்டியில. பொட்டியெல்லாம் அம்மிகூட ஆட்டோல வரட்டும்."

பள்ளிக்கூடத்துக்கும், கல்லூரிப் பஸ்ஸுக்கும், சென்னை ரயிலுக்கும் நீ கொண்டு விட்ட மாதிரி, கடைசி ஒரு தடவை. அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அப்படிக் கேட்டது. சரியம்மா என்றேன். புதனுக்கு முந்தின ஞாயிறுதான் எங்கள் நிகழ்ச்சி. அதற்கும் வா, வண்டி ஜம்மென்று நிற்கும் பார் என்று பெருமையாகச் சொல்லி, ஏழு உட்பிரிவுகளையும் அவள் போனுக்கு அனுப்பினேன்.

அப்புறம்தான் எனக்குப் பேஜாரானது. விதியை எழுதியவன் வண்டியே இடது வரிசையில் நிற்பதா? உன் வண்டி ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகளுக்கு நடுவே நின்றால் அது உனக்கு மரியாதையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மரியாதைக் குறைவு என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அமீன், அது உன் மரியாதையைப் பற்றிய கேள்வியே இல்லை. இப்போது தெரிகிறது. அப்போதும் கொஞ்சம் தெரிந்தது.

வேலூர் காட்பாடி ரோட்டு மெக்கானிக் சேகரிடம் வண்டியை விட்டேன். கோயம்புத்தூரில் ஒருவர் பழைய உதிரி பாகங்கள் சேர்த்து வைத்திருக்கிறார். அவரிடமிருந்து கறுப்பு ரெக்சின் போட்ட சீட் ஒன்று வந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடி. நான் மேஜையில் நின்றுகொண்டிருந்தபோது சேகர் போன் செய்தான்.

"பழச இன்னா சார் பண்றது?"

என் ஒரு கையில் போன், இன்னொரு கையில் சாக்பீஸ். முன்னால் தோல் குவிந்து கிடந்தது.

"எதுக்காச்சும் ஆகும்னா வெச்சிக்க" என்றேன்.

ஒரு வட்டம் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

நிகழ்ச்சி நன்றாக நடந்தது. இதை வருத்தத்தோடுதான் பதிவு செய்கிறேன்.

மூடிக்கிடக்கும் ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் களத்தை அதன் முதலாளி ஒரு காலைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார். ஒரு காலத்தில் தோல் காயவைத்த இடத்தில் வண்டிகள் வெயில் காய்ந்தன. ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று பாதிரியாரிடம் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் ஆராதனையை முடித்துவிட்டு, அங்கியைக் கழற்றிவிட்டு, அவரே தன் ஸ்கூட்டரோடு களத்தில் நின்றார். எந்த வரிசை என்று என்னிடம் கேட்டார். அவர் ஸ்கூட்டரின் பக்கவாட்டுப் பெட்டி வேறு வண்டியுடையது. இடது என்றேன். ஆண்டவரும் இடது பக்கத்தவர்களைப் பற்றிக் கடுமையாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று முனகிக்கொண்டே போனார்.

விதியை மதித்தவர் அவர் ஒருவர்தான். நெமிலியிலிருந்து ஒருவர் பால் கேன் மாட்டுகிற கொக்கிகளோடு ஒரு பழைய வண்டியில் வந்து நேராக வலது வரிசையில் நிறுத்தினார். இது ஒரிஜினல் வரிசை என்று எடுத்துச் சொன்னேன். "இங்கதான் சார் நெழலு" என்றார். ஏழு உட்பிரிவுகளில் நிழலைப் பற்றி எதுவும் இல்லை. அவரைப் பார்த்து எல்லாரும் புளியமரத்தடிக்கு வந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் வலது வரிசை நிரம்பி வழிந்தது. தலைவர் குமரவேலின் புல்லட்டில் லாரி ஹாரன் இருந்தது. அது எந்தத் தொழிற்சாலையில் மாட்டியது என்று நான் கேட்கவில்லை. அவர் அதை அழுத்தித்தான் நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தார்.

ராணிப்பேட்டைப் பையன்கள் நாலு பேர் புது வண்டிகளில் வந்தார்கள். ஹெல்மெட்டில் கேமரா. அதில் ஒருவன் தன் வண்டியில் மழைக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று மூன்று மோட் இருப்பதை விளக்கினான். குமரவேல் கைகட்டிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"ஆம்பூர் பஜாருக்கு எந்த மோட் தம்பி?"

பையன் நிஜமாகவே யோசித்தான். "பஜாருக்கு பிரேக்குதான் அங்கிள்."

ஆற்காட்டுக்காரர் ஒருவர் பெட்டி நிறைய மக்கன் பேடா கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். பிசுக்கான விரலோடு யாரும் பெட்ரோல் டேங்கைத் தொடக்கூடாது என்று அடுத்த அரைமணி நேரம் அவரே கத்திக்கொண்டிருந்தார். நெமிலிக்காரர் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஆளுக்கு ஒரு உதை என்று முறை வைத்து உதைத்தார்கள். பாதிரியார் உதைத்தபோது பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் நைட் டூட்டி முடித்து நேரே வந்து, தன் புது வண்டியை இடது வரிசைக் கோடியில் நிறுத்தி, டேங்க்மேல் தலைவைத்துத் தூங்கிப்போனார். யாரும் யாருக்கும் சொல்லாமலே அந்தக் கோடியில் ஒருவரும் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. உனக்குப் பிடித்திருக்கும். நீ இருந்திருந்தால் எல்லா வண்டியின் சீட்டையும் அழுத்திப் பார்த்துக்கொண்டே போயிருப்பாய்.

உன் வண்டி புளியமரத்தடியில், வரிசையின் நடுவில் நின்றது. மூன்று நாள் துடைத்தேன். ரெக்சின் பளபளத்தது. இரண்டு பேர் குனிந்து பார்த்து, அப்படியே ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அதுதான் இந்தத் தொழிலில் உச்சப் பாராட்டு. ஏற்றுக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு நஸ்ரீன் வந்தாள். நான் நாலு வண்டி தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக இடது வரிசைக்குப் போனாள். விதிகளை முழுதாகப் படித்துவிட்டு வந்த ஒரே ஆள் அவள்தான். தன் அப்பா வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கோடிவரை போனாள். தூங்கிய நர்ஸைத் தாண்டித் திரும்பினாள். பிறகு வலது வரிசைக்கு வந்தாள். ஒவ்வொரு வண்டியாக, சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள். உன் வண்டியைக் கடந்தாள். சும்மா விளையாடுகிறாள், இதோ திரும்புவாள் என்று சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். மறுபடியும் கடந்தாள். என் சட்டைப்பையில் போன் அடித்தது.

"சாச்சா, வண்டி எடுத்துட்டு வரலியா?"

"எடுத்துட்டுத்தாம்மா வந்திருக்கேன்."

"எங்க?"

"உன் பக்கத்துலதான் நிக்குது."

அவள் திரும்பி நம்பர் பிளேட்டைப் படித்தாள். இரண்டு தடவை படித்திருக்க வேண்டும், அவ்வளவு நேரம் ஆனது. நான் பக்கத்தில் போவதற்குள் அவள் கை சீட்டின் நடுவில் இருந்தது. விரலால் இப்படியும் அப்படியும் தேய்த்தாள், இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி.

"பட்ட எங்க சாச்சா?"

"சீட்டு மாத்திட்டேம்மா. இது ஒரிஜினல்."

"அப்ப அது?"

சேகர் கடையில் பத்திரமாக இருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் அதை நானும் நம்பினேன். அவள் ஓரத்தில், ஓட்டைகள் இருந்த இடத்தில், ரெக்சினை அழுத்திப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. ஏதோ மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொள்கிற குரலில் சொன்னாள்:

"நீங்க எப்பவும் அத ரிஜெக்ட்டுன்னுதான சொல்வீங்க."

குமரவேல் வந்து போட்டோ எடுக்கச் சொன்னார். நின்றாள். உட்காரச் சொன்னார். "பரவால்ல அங்கிள்" என்றாள். போகும்போது என்னிடம் மட்டும், அம்மியிடம் இதைச் சொல்ல வேண்டாம், தான் போன பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் போனேன், உன் வண்டியிலேயே. ரெக்சின் வழுக்குகிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்க்மேல் போய் முட்டினேன். ஒரிஜினலாக வண்டி ஓட்டியவர்கள் பாவம், அந்தக் காலத்தில் என்ன கஷ்டப்பட்டார்களோ.

பழைய சீட்டை எடுத்துப்போக வந்தேன் என்றதும் சேகர் சிரித்தான்.

"நீங்கதான சார் சொன்னீங்க, எதுக்காச்சும் ஆகும்னா வெச்சிக்கன்னு? ஆச்சு சார்."

சுவரோரம் நின்ற காற்றடிக்கும் பம்பைக் காட்டினான். பம்புக்குள் தண்டின் நுனியில் ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்துபோனால் காற்று ஏறாது. கடையில் கிடைக்கிற வாஷர் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லையாம். உன் சீட்டுத் தோலை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, இரண்டு பம்புக்கும் போட்டிருக்கிறான். மிச்சத்தைப் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் கேட்டு வாங்கிப் போய்விட்டார்.

தழும்பு இருந்த துண்டு எங்கே என்று கேட்டேன். தழும்பும் ஓட்டையும் வாஷருக்கு ஆகாது, வெட்டிப் போட்டுவிட்டேன் என்றான். பட்டை? அதுவும் குப்பையில். எப்போது போட்டாய் என்றதற்கு, "அன்னிக்கே சார். இப்பல்லாம் குப்ப வண்டி டைமுக்கு வந்துடுது" என்றான். குப்பை வண்டி வருவதே இல்லை என்று வாழ்நாள் முழுவதும் குறை சொன்னவன் நான்.

ஒரு பம்பைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். சேகர் தண்டை உருவி நீட்டினான். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, கிண்ணம்போல வளைந்து, எண்ணெயில் கறுத்திருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து அழுத்திப் பார்த்தேன்.

இத்தனை வருஷத்தில் அதன்மேல் எவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. கையால் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். நீ சொன்னது சரி. அது முதல்தரத் தோல்.

"சூப்பர் தோலு சார்" என்றான் சேகர். "எந்தக் கம்பெனிது?"

"எங்க கம்பெனிதுதான். ரிஜெக்ட்."

"இதயா?" என்று கேட்டுவிட்டு, தண்டைப் பம்புக்குள் திருப்பிச் சொருகினான்.

வாசலில் ஒரு ஆட்டோக்காரர் காற்றுக்காக நின்றிருந்தார். நான் கடைக்கு வெளியே போய் நஸ்ரீனுக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். செயலாளர் அறிக்கை வாசிக்கிற மாதிரி வாசித்தேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் நின்றது. வாஷரையாவது கழற்றிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"காத்து நல்லா ஏறுதா சாச்சா?"

"ஏறுதாம்."

"அப்ப விடுங்க. அது வேல செஞ்சிட்டிருக்குது, அதப் போய் ஏன் கழட்டிக்கிட்டு."

உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில் நானே தோல் பொறுக்கினேன். ஒரு வட்டம்கூட இல்லாத தோல், கையால் தடவி எடுத்தது. ஒரு பட்டை வெட்டி, சீட்டில் தைக்க ஆள் சொல்லிவிட்டு, சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். நடு ஹாலில் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஊறுகாய் வைக்கலாமா கூடாதா என்று பாபி யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நஸ்ரீனிடம் பட்டையைக் காட்டினேன். முதல்தரம் என்றேன். அவள் வாங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கு சாச்சா." திருப்பிக் கொடுத்தாள். "ஆனா வேணாம். எங்களுக்கு ஃபர்ஸ்ட் குவாலிட்டி பழக்கமில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். கதவருகில் அந்தப் பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தோலைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வந்தேன். இருபத்தைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் நின்ற உன்னிடமும் நான் அப்படித்தானே செய்தேன்? நீ எத்தனை தடவை "குத்துதா" என்று கேட்டாய். ஒருமுறையாவது இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சொல்லியிருந்தால் நீ அந்தக் கேள்வியை நிறுத்தியிருப்பாயோ என்று இப்போது தோன்றுகிறது. அதற்காகத்தான் நான் சொல்லவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அது உண்மை இல்லை. தோற்க மனமில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை உன் வண்டியை இடது வரிசையில் நிறுத்துவேன் என்று இந்தக் கடிதத்தில் வாக்குக் கொடுக்க நினைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக் கூட்டத்தில் வரிசைகளே ரத்தாகிவிட்டன. நிழல் போதவில்லை, அதனால் இனிமேல் அவரவர் இஷ்டப்படி நிறுத்திக்கொள்வது என்று குமரவேல் முன்மொழிந்தார். ஏழு உட்பிரிவுகள் என்ன ஆவது என்று கேட்டேன். "எந்த ஏழு?" என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வழிமொழிந்தவன் நானே.

ஆகவே வேறு வாக்கு. வாரத்துக்கு ஒருமுறை கிக் அடித்து வண்டியை ஓட்டத்தில் வைத்திருப்பேன். ஒரு போல்ட்டை மாற்றுவதானாலும் பாபியிடம் கேட்டுவிட்டு மாற்றுவேன். மேஜையில் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரை கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு தோலுக்கும் சாக்பீஸ் எடுக்கமாட்டேன். புதுப் பையன்கள் நான் மெதுவாகிவிட்டேன் என்கிறார்கள். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அறிக்கையில் விட்டுப்போனது ஒன்று. புதன்கிழமை காலை நஸ்ரீன் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போனாள்.

இப்படிக்கு,
உன் மகளுக்குச் சாச்சா,
ஜெயசீலன்